உடைக்காமல் வளர்தல்

நிரலாளர்கள் கூடும் இடத்தில் மொழிச் சண்டை ஓய்வதில்லை. பைத்தானில் பழகியவருக்கு ஜாவா சுற்றி வளைத்துப் பேசுவதாகப் படும். ரஸ்ட் எழுதுகிறவர் சி மொழியை ஆபத்தானது என்பார். ரூபியில் ஊறியவர் பி.எச்.பி.யைக் கண்டு முகம் சுளிப்பார். இந்த வாதங்களில் பெரும்பாலானவை மொழியின் தோற்றத்தையும் திறனையும் பற்றியவை. எழுதும் முறை அழகாக இருக்கிறதா, வேகமாக ஓடுகிறதா, ஒரு வேலையை எத்தனை வரிகளில் முடிக்கலாம் என்பவை. இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் இணையத்துக்காகப் பல ஆண்டுகள் நிரல் எழுதியும், பிறர் எழுதியதைப் பராமரித்தும் வந்த பிறகு என்னுடைய அளவுகோல் வேறாகிவிட்டது. புதிதாக ஒரு மொழியோ கருவியோ முன்னால் வந்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நேற்று தன்னை நம்பி எழுதியவர்களை அது இன்று எப்படி நடத்துகிறது?

இதை வெறும் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிட முடியாது. இணையத்தில் எது நிலைத்தது, எது மறைந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியிடமே வந்து சேர்கிறேன்.

*

2018இன் தொடக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறு வசதி சேர இருந்தது. பட்டியலுக்குள் பட்டியல்கள் இருந்தால் அவற்றைப் பிரித்து ஒரே பட்டியலாக விரித்துத் தரும் ஃபங்க்ஷன் அது. ஃபிளாட்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ரூபி போன்ற மொழிகளில் ஏற்கெனவே வழங்கிவந்த பெயர்தான். ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதைச் சேர்த்ததும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு தளம் உடைந்தது.

காரணம் மூட்டூல்ஸ் என்ற பழைய லைப்ரரி. 2006இல் வெளிவந்து ஒரு காலத்தில் பரவலாகப் புழங்கியது. அது ஜாவாஸ்கிரிப்டின் அரே என்னும் பட்டியல் வகையில் தானாகவே ஃபிளாட்டன் என்றொரு ஃபங்க்ஷனைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு அங்கே வரிசையாகத் தெரியும் தன் ஃபங்க்ஷன்களை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணி, தன் தேவைக்காக இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும். உலாவியே ஒரு ஃபங்க்ஷனைத் தந்தால் அந்தப் பெயர் இப்படி எண்ணும்போது கண்ணில் படாது. மொழியின் விதி அப்படி. மூட்டூல்ஸ் அதன்மேல் தன்னுடையதை எழுதினாலும் அந்தப் பெயர் மறைந்தேதான் இருக்கும். ஆகவே நகலெடுப்பில் ஃபிளாட்டன் மட்டும் விடுபட்டுப் போகும். அதை நம்பியிருந்த பக்கம் நின்றுவிடும்.

மூட்டூல்ஸ் அப்போதே வழக்கொழிந்துகொண்டிருந்தது. அதைப் பயன்படுத்திய தளங்கள் பலவற்றுக்குப் பராமரிப்பவரே இல்லை. மொழியின் அடிப்படையில் கைவைத்தது அந்த லைப்ரரியின் தவறுதான் என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது. ஆனாலும் ஜாவாஸ்கிரிப்டின் தரக்குழு தான் வைத்த பெயரை விட்டுக்கொடுத்தது. இன்று அந்த ஃபங்க்ஷன் ஃபிளாட் என்றே ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. ஓர் எழுத்துத்தொடருக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்க்ஷனுக்கு முதலில் கன்டெய்ன்ஸ் என்று பெயரிட்டார்கள். அதுவும் இதே லைப்ரரியோடு மோதியதால்தான் இன்க்லூட்ஸ் ஆனது.

உலகின் மிகப் பெரிய கணினி நிறுவனங்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கும் குழு அது. பெயர் தெரியாத யாரோ எப்போதோ எழுதி மறந்த பக்கங்களுக்காக அந்தக் குழு வழிவிட்டது. நம் வயலை எப்படி வேண்டுமானாலும் உழலாம். வரப்பை மட்டும் நம் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது, அதன் மறுபக்கம் இன்னொருவரின் பயிர் நிற்கிறது. பொதுவில் வைத்துவிட்ட ஒவ்வொரு பெயரும் அத்தகைய வரப்புதான். நிரலாக்கத்தில் பண்பாடு என்று ஒன்று உண்டென்றால் அதை இங்கேதான் காண்கிறேன்.

*

ஜாவாஸ்கிரிப்டின் பிறப்பு எல்லோருக்கும் தெரிந்த கதை. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்து நாட்களில் எழுதினார். மோக்கா, லைவ்ஸ்கிரிப்ட் என்று பெயர்கள் மாறி, அந்த ஆண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று அறிவிக்கப்பட்டது. அவசரத்தின் தழும்புகள் அதில் இன்றும் இருக்கின்றன. நல் என்பது மதிப்பில்லாமையைக் குறிக்கும். அதன் வகை என்ன என்று மொழியிடம் கேட்டால் ஆப்ஜெக்ட் என்று பதில் வரும். முதல் பதிப்பின் உட்கட்டமைப்பில் நேர்ந்த பிழை இது. திருத்தும் யோசனை பின்னாளில் முறைப்படி முன்வைக்கப்பட்டது. இருக்கும் பக்கங்கள் உடையும் என்பதால் கைவிடப்பட்டது.

டாக்குமென்ட்.ஆல் கதை இன்னும் விசித்திரமானது. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் வசதி அது. அந்தக் காலத்துப் பக்கங்கள், அது இருந்தால் எக்ஸ்புளோரர் என்றும் இல்லாவிட்டால் வேறு உலாவி என்றும் முடிவெடுத்து இரண்டு வழியாகப் பிரிந்தன. பிற உலாவிகளுக்கும் சில பக்கங்களுக்காக அது தேவைப்பட்டது. ஆனால் இருப்பதாகக் காட்டிக்கொண்டால் வேறு பக்கங்கள் தவறான வழியில் போய்விடும். எனவே அது இருக்கிறது, ஆனால் இருக்கிறாயா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். மொழியின் அதிகாரபூர்வத் தரநூலே இந்த ஒரு பொருளுக்காகத் தனி விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறது.

இவற்றை எடுத்துக்காட்டி ஜாவாஸ்கிரிப்டை மட்டமான மொழி என்று சொல்வது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தத் தழும்பு ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் பக்கத்தை இன்றும் திறக்கவைத்துக்கொண்டிருக்கிறது. அழகை விட்டுக்கொடுத்து அந்த மொழி வாங்கிக்கொண்டது அதுதான்.

இந்தப் பண்பு இணையத்தின் அடித்தளத்திலேயே இருந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் 1989இல் வலையை யோசனையாக எழுதி, 1990இல் அதற்காக உருவாக்கிய எச்.டி.எம்.எல்.லில் ஒரு விதி உண்டு: உலாவி தனக்குத் தெரியாத டேக்கைக் கண்டால் நின்றுவிடக் கூடாது, டேக்கை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்ட வேண்டும். சி.எஸ்.எஸ்.ஸும் அப்படித்தான்; புரியாத வரியைத் தாண்டிப் போய்விடும். இதனால் பழைய உலாவியில் புதிய பக்கமும் புதிய உலாவியில் பழைய பக்கமும் ஏதோ ஓர் அளவில் படிக்கக் கிடைக்கின்றன. செர்ன் 2013இல் உலகின் முதல் வலைத்தளத்தை அதன் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. மீட்க முடிந்த பிரதி 1992ஆம் ஆண்டினது. இன்றைய கைப்பேசி அதை எந்தக் கூடுதல் கருவியும் இல்லாமல் திறக்கிறது. அந்த ஆண்டுகளில் சேமித்த வேறு கணினிக் கோப்புகளை அதே எளிமையோடு திறக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

*

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் அறிவிலிகள் அல்லர். பலர் மிகச் சிறந்த வல்லுநர்கள். அதனால்தான் அவர்களுடைய தோல்வி கற்றுக்கொள்ளத் தக்கது.

2000ஆம் ஆண்டையொட்டி, இணையத் தரங்களை வகுத்த டபிள்யூ3சி அமைப்பு எச்.டி.எம்.எல்.லை விட்டு எக்ஸ்.எச்.டி.எம்.எல். பக்கம் போனது. குழப்பமான இணையத்தை ஒழுங்குபடுத்துவது நோக்கம். அதன் கண்டிப்பான வடிவத்தில், பக்கத்தில் ஒரே ஒரு டேக்கை மூடாமல் விட்டாலும் உலாவி பக்கத்தைக் காட்டாமல் பிழைச் செய்தியைக் காட்டும். தவறு எழுதியவருடையது, தண்டனை படிக்க வந்தவருக்கு. அடுத்து வரவிருந்த எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2 பழைய பக்கங்களோடு பொருந்திப் போவதையே கைவிட்டது. 2004இல் ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் தனியே வாட்விஜி என்ற குழுவை அமைத்தார்கள். உலகில் இருக்கும் பக்கங்களில் பெரும்பாலானவை பிழையோடுதான் இருக்கின்றன என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தப் பிழைகளை எல்லா உலாவிகளும் ஒரே மாதிரி எப்படிக் கையாள வேண்டும் என்று அவர்கள் நுணுக்கமாக எழுதினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் எச்.டி.எம்.எல்.5. எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2 பணி 2009இல் நிறுத்தப்பட்டது, எச்.டி.எம்.எல்.5 2014இல் டபிள்யூ3சியின் தரமாகவே ஆனது.

பிழையை மன்னித்தது என்பதைவிட, பிழை செய்பவரும் இணையத்தின் குடிமகன் என்று ஏற்றுக்கொண்டது என்பதே பொருத்தம். பள்ளி ஆசிரியரும் கோயில் வரலாறு தொகுப்பவரும் கல்லூரி மாணவியும் எழுதிய பக்கங்களால் ஆனது இணையம். அவர்களிடம் இலக்கணச் சுத்தத்தை நுழைவுக் கட்டணமாகக் கேட்டிருந்தால் அது வல்லுநர்களின் மன்றமாக முடிந்திருக்கும். பி.எச்.பி.யின் வெற்றியையும் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட அந்தக் கருவி, சாதாரண எச்.டி.எம்.எல். பக்கத்துக்கு நடுவில் இரண்டு வரி நிரலைச் செருக விட்டது. கோப்பைச் சர்வரில் ஏற்றினால் போதும், பக்கம் ஓடும். கணினி அறிவியல் படிக்காதவர்கள் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும், 2003இல் தொடங்கிய வேர்ட்பிரஸும் பி.எச்.பி.யில் எழுதியவை. தமிழ் விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு கட்டுரையும் அந்த மொழி வழியாகத்தான் நம்மிடம் வருகிறது.

ஜாவாஸ்கிரிப்டுக்கும் இத்தகைய ஒரு தருணம் வந்தது. அதன் நான்காம் பதிப்பாக, ஏறக்குறையப் புதிய மொழி ஒன்றே தயாராகிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் சர்ச்சை நடந்து 2008இல் அது கைவிடப்பட்டது. சிறு சிறு படிகளாக வளர்வது என்று முடிவாகி, 2009இல் ஐந்தாம் பதிப்பும் 2015இல் ஆறாம் பதிப்பும் வந்தன. அப்போதும் வெளியிலிருந்து அந்த மொழியை மாற்றிவிடும் முயற்சி தொடர்ந்தது. கூகுள் 2011இல் டார்ட் மொழியை அறிமுகப்படுத்தியது. குரோம் உலாவிக்குள்ளேயே அதை இயக்கும் திட்டம் இருந்தது. 2015இல் அந்தத் திட்டத்தை விட்டுவிட்டார்கள். டர்போ பாஸ்கலையும் சி ஷார்ப்பையும் உருவாக்கிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் தலைமையில் மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட் வேறு வழியில் போனது. ஜாவாஸ்கிரிப்டை அது மாற்றவில்லை. அதன்மேல் முக்கியமாக வகைக் குறிப்புகளைச் சேர்த்தது. கம்பைல் செய்ததும் குறிப்புகள் உதிர்ந்து வழக்கமான ஜாவாஸ்கிரிப்டே மிஞ்சும். பழைய திட்டத்தில் ஒரு கோப்பை மட்டும் இன்று மாற்றி, மற்றதை அடுத்த ஆண்டு மாற்றலாம். டார்ட் பிறகு கைப்பேசிச் செயலிகளில் தனக்கான இடத்தைக் கண்டது. இணையப் பக்கங்களில் நிலைத்தது, இருப்பதோடு சேர்ந்து வாழ ஒப்புக்கொண்ட டைப்ஸ்கிரிப்ட்.

*

இங்கே ஓர் எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். தமிழில் எழுதுகிற எவரும் அதைத் தவிர்க்க முடியாது.

பைத்தான் 2008 டிசம்பரில் தன் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது பழைய நிரல்களை வேண்டுமென்றே உடைத்தது. மிகப் பெரிய காரணம் எழுத்துகளைக் கையாளும் முறை. யூனிகோடில் தமிழ் என்ற சொல்லுக்கு ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆகப் பதினைந்து பைட். பைத்தான் 2இன் சாதாரண எழுத்துத்தொடரில் இந்தச் சொல்லை வைத்து நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். பைட்டுக்கும் எழுத்துக்கும் அது வேறுபாடு பார்க்கவில்லை. ஆங்கிலம் மட்டும் புழங்கிய உலகில் இது யாரையும் உறுத்தவில்லை. தமிழிலோ ஜப்பானியத்திலோ எழுதியவர்களுக்கு ஒவ்வொரு நாளும் தலைவலி. பைத்தான் 3 எழுத்தையும் பைட்டையும் வேறு வேறு வகையாகப் பிரித்தது. அதில் அதே சொல்லின் நீளம் 5. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி இன்னும் ஒரு படி மேலே போய், நாம் எண்ணுவது போலவே 3 என்கிறது.

அந்த உடைப்பு நமக்கு நியாயம் செய்த உடைப்பு. பழையதைக் காப்பது என்பதன் பெயரில் அந்தத் தவறு அப்படியே தொடர்ந்திருந்தால், நம்மைப் போன்றவர்களின் எழுத்து பைத்தானில் என்றும் இரண்டாம் தரமாகவே இருந்திருக்கும். ஆகவே எதையும் எப்போதும் உடைக்கக் கூடாது என்பது என் வாதம் அல்ல. உடைக்கும்போது எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பைத்தான் குழு இரண்டாம் பதிப்பை உடனே கைவிடவில்லை. ஆதரவு 2015இல் முடியும் என்றிருந்ததை 2020 வரை நீட்டினார்கள். புதிய பதிப்பில் நீக்கிய ஒரு பழைய எழுத்துமுறையை, இரண்டு பதிப்புகளிலும் ஓடும் நிரல் எழுத உதவும் என்பதற்காக 2012இல் திரும்பச் சேர்த்தார்கள். பதினொரு ஆண்டுக்கும் மேல் இரண்டு பதிப்புகளும் பக்கம் பக்கமாக வாழ்ந்தன. பைத்தான் பிழைத்ததற்கு அந்தப் பொறுமை முக்கியக் காரணம் என்று நம்புகிறேன்.

தமிழ் இணையத்துக்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கமானது. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் தமிழ்ப் பக்கங்கள் எழுத்துருக்களை நம்பி வாழ்ந்தன. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து, பல நிறுவனங்கள் தமக்கென்று ஓர் எழுத்துருவைச் செய்துகொண்டன. டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் வந்தது, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்கள் வந்தன. இவற்றால் குழப்பம் குறைந்ததே தவிர நீங்கவில்லை. அந்தக் காலத்துப் பக்கம் ஒன்றை இன்று திறந்தால் தலைப்பு பெரிதாகத் தெரியும், அட்டவணைக் கோடுகள் சரியாக விழும், இணைப்புகள் நீல நிறத்தில் இருக்கும்; உரை மட்டும் பொருளற்ற குறிகளாகக் கிடக்கும். எச்.டி.எம்.எல். தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது. எழுத்துருவுக்குள் மறைத்து வைத்த தமிழுக்கு வாக்குக் கொடுக்க யாருமில்லை.

யூனிகோடும் தொடக்கத்தில் தடுமாறியது. 1996இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் கொரிய எழுத்துகள் மொத்தமாக வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. அதன் விளைவுகளைக் கண்ட பிறகு, ஒரு முறை இடம் கொடுத்த எழுத்தை இனி நகர்த்துவதில்லை, நீக்குவதில்லை என்ற உறுதி அந்த அமைப்பின் எழுதப்பட்ட கொள்கை ஆயிற்று. தமிழுக்கு யூனிகோட் கொடுத்த அமைப்பில் எனக்கும் குறை உண்டு. உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் இல்லை என்பதால்தான் நிரலில் இத்தனை கணக்குகள் போட வேண்டியிருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்க வந்த டேஸ்16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனாலும் நான் யூனிகோடின் பக்கம்தான் நிற்கிறேன். நல்ல அமைப்பைவிட நகராத அமைப்பு எழுத்துக்கு முக்கியம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் ஏற்றிய நூல்களைப் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றியது. தன்னார்வலர்களின் அந்த உழைப்பு இல்லாவிட்டால் அந்த நூல்களின் கதியும் பழைய எழுத்துருப் பக்கங்களின் கதிதான்.

*

மொழிகளும் தரங்களும் காக்கும் இந்த ஒழுக்கம், அவற்றின்மேல் நாம் அடுக்கும் கருவிகளில் இல்லை. என் கவலை இங்கேதான்.

2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பேக்கேஜ், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்.பி.எம்.மிலிருந்து நீக்கப்பட்டது. பதினொரே வரி நிரல். ஓர் எழுத்துத்தொடரின் இடப்பக்கத்தை வெற்றிடத்தால் நிரப்பும் வேலை. ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்த அதன் ஆசிரியர் தன் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். உலகெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்களின் நிறுவல் அன்று நின்றது. அவற்றில் பலவற்றை நடத்தியவர்களுக்குத் தாங்கள் அந்தப் பேக்கேஜை நம்பியிருப்பதே தெரியாது. அவர்கள் நம்பிய ஒன்று வேறொன்றை நம்பி, அது இதை நம்பியிருந்தது. கிடங்கை நடத்தியவர்கள் அதைச் சில மணி நேரத்தில் திரும்ப வைத்து, பிறகு நீக்கும் விதிகளையும் கடுமையாக்கினார்கள். அடுத்த ஆண்டு அதே வேலையைச் செய்யும் ஃபங்க்ஷன் ஜாவாஸ்கிரிப்டின் தரத்திலேயே சேர்ந்தது.

பொறுப்பை ஏற்காத கருவிகளின் பட்டியல் நீளமானது. கூகுள் 2010இல் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ் ஏராளமான அலுவலக மென்பொருள்களின் அடித்தளமானது. 2016இல் வந்த இரண்டாம் பதிப்பு ஏறக்குறைய வேறு ஃபிரேம்வொர்க். இரண்டையும் இணைத்து ஓட்டி மெல்ல மாற வழி செய்தார்கள் என்றாலும், எழுதியதை மறுபடி எழுதுவதுதான் பெரும்பாலானவர்களின் விதியாயிற்று. பழையதற்கான ஆதரவு 2021 இறுதியோடு முடிந்தது. ஃபிளாஷின் கதை இன்னும் சோகமானது. ஒரு தலைமுறையின் விளையாட்டுகளும் அசைவுப்படங்களும் கல்விப் பாடங்களும் ஒரே நிறுவனத்தின் செருகியை நம்பி இருந்தன. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அது நின்றது. ரஃபிள் என்ற தனி மென்பொருளை எழுதித் தன்னார்வலர்கள் அவற்றில் ஒரு பகுதியை உயிர்ப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பராமரிப்பு வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். கையால் எழுதிய எச்.டி.எம்.எல். பக்கமும் ஓரிரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளும் கொண்ட பழைய தளம் இருந்தது இருந்தபடி ஓடுகிறது. அதற்குப் பல ஆண்டு பின்னால், அன்றைய புதிய கருவிகளால் கட்டிய தளத்தில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் அதை பில்டு செய்ய வேண்டும். பில்டு செய்யும் கருவி, அதை இயக்கும் நோட் மென்பொருளின் இன்றைய பதிப்பில் ஓடாது. பழைய நோடைத் தேடிப் பிடித்தால் ஏதோ ஒரு பேக்கேஜ் கிடைக்காது. இணையத்தின்மீது பிழை இல்லை. அதன் உறுதியை நம்பாமல் இடையில் நாம் நுழைத்த அடுக்குகளில்தான் பிழை.

எல்லா அடுக்கும் வீண் அல்ல. பெரிய குழுக்கள் பெரிய செயலிகளைக் கட்டும்போது ரியாக்ட் போன்ற இடைமுகக் கருவிகள் தரும் ஒழுங்கு உண்மையானது. 2013இல் ரியாக்ட் வந்தபோது, திரையின் நிலையைத் தரவிலிருந்து கணக்கிடும் அதன் சிந்தனை இடைமுகம் எழுதும் முறையையே தெளிவாக்கியது. ஆனால் பத்துப் பக்கம் கொண்ட ஓர் ஊராட்சித் தளத்துக்கோ இலக்கிய இதழுக்கோ அதே எடையைத் தூக்கி வைப்பது பொறுப்பின்மை. அதன் செலவை மலிவான கைப்பேசியில், பலவீனமான சிக்னலில் படிப்பவர் இன்று செலுத்துகிறார். அதைப் பராமரிக்க வருபவர் நாளை செலுத்துவார்.

*

பழையதைக் காப்பதற்கும் விலை உண்டு. முப்பது ஆண்டுகளின் விதிகளையும் விதிவிலக்குகளையும் ஒரு புதிய உலாவி தாங்க வேண்டியிருப்பதால், புதிதாக உலாவி எழுதுவது மலையைத் தூக்கும் வேலையாகிவிட்டது. ஓபரா 2013இல் தன் சொந்த எஞ்சினை விட்டது. மைக்ரோசாஃப்ட் 2020இல் தன் எட்ஜ் உலாவியை, குரோமின் அடித்தளமான குரோமியத்தின்மேல் மாற்றிக்கொண்டது. பெரிய அளவில் புழங்கும் எஞ்சின்கள் இன்று மூன்றே: பிளிங்க், வெப்கிட், கெக்கோ. இது ஆபத்தான குறுக்கம். டோனி ஹோர் 1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் சேர்த்த நல் என்னும் வெற்றுக் குறிப்பைப் பின்னாளில் நூறு கோடி டாலர் தவறு என்றே குறிப்பிட்டார். அது இன்றும் எத்தனையோ மொழிகளில் தொடர்கிறது. கைவிட முடியாத தவறு அடுத்தடுத்த தலைமுறைகளின் தலையில் ஏறிக்கொள்ளும்.

அந்த விலையைக் குறைக்கும் வழிகளையும் சில மொழிகள் கண்டிருக்கின்றன. 2012இல் வந்த கோ மொழியின் முதல் பதிப்பு, அதற்காக எழுதிய நிரல் அதன் வழிவந்த பதிப்புகளிலும் ஓடும் என்ற எழுத்துபூர்வ வாக்குறுதியோடு வந்தது. 2015இல் ஒன்றாம் பதிப்பை எட்டிய ரஸ்ட் இன்னும் நுட்பமான வழியைக் கண்டது. மொழியில் மாற்றம் வேண்டுமென்றால் எடிஷன் என்ற புதிய தொகுப்பாக வெளியிடுவார்கள். தான் எந்த எடிஷனில் எழுதப்பட்டது என்பதை ஒவ்வொரு நிரல்தொகுதியும் தானே சொல்லும். 2018 எடிஷனில் அசிங்க் என்பது மொழிக்குரிய ஒதுக்கப்பட்ட சொல் ஆனது. 2015 எடிஷனில் அதே சொல்லை மாறிக்குப் பெயராக வைத்தவரின் நிரல் இன்றைய கம்பைலரிலும் ஓடுகிறது. அதைவிட முக்கியம், இரண்டு எடிஷனில் எழுதியவையும் ஒரே மென்பொருளில் சேர்ந்து இயங்கலாம். வளரவும் வேண்டும், உடைக்கவும் கூடாது என்ற இரண்டு கோரிக்கைகளும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை ரஸ்ட் மெய்ப்பித்திருக்கிறது. அதற்குத் தேவை முன்யோசனையும் பணிவும்.

ஆகவே என் தீர்ப்பு இது. மொழிகளில், தன் அழகைவிடத் தன்னை நம்பியவர்களைப் பெரிதாக நினைக்கும் மொழியே உயர்ந்தது. அந்த அளவில் பலரும் பழிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என் பார்வையில் மிகுந்த மரியாதைக்குரியது. கருவிகளில், தன்னை விட்டு வெளியேற வழி வைத்திருக்கும் கருவியே நம்பத்தக்கது. அது நாளை மறைந்தாலும் நம் எழுத்தும் தரவும் நம் கையில் மிஞ்ச வேண்டும்.

இணையத் தொழிலுக்கு வரும் இளையோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வேலைக்கான விளம்பரங்கள் ஃபிரேம்வொர்க்குகளின் பெயர்களைத்தான் கேட்கும். அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள், பிழைப்புக்கு அது தேவை. ஆனால் அதற்கு முன்னால் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் எந்தத் துணையும் இல்லாமல் எழுதிப் பழகுங்கள். அந்த அறிவு காலாவதி ஆகாது. ஒரு பேக்கேஜைச் சேர்க்கும் முன் அதை நீங்களே எழுத எத்தனை வரி ஆகும் என்று பாருங்கள். அதை உருவாக்கியவர்கள் முந்தைய பதிப்பைப் பயன்படுத்தியவர்களை எப்படி நடத்தினார்கள் என்று அதன் வெளியீட்டுக் குறிப்புகளில் படியுங்கள். தமிழில் தளம் நடத்துகிறவர்கள் உரையை யூனிகோடில், படமாக அல்லாமல் எழுத்தாக வையுங்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைச் சாகவிடாதீர்கள். யாரோ ஓர் ஆய்வாளர் அதைத் தன் அடிக்குறிப்பில் கொடுத்திருப்பார். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை. நமக்குப் பின்னால் வருகிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு இருந்தால் போதும்.